திரும்பி வந்த ஒன்பது செட்டிகள்

ஒருவரும் தீங்கு நினையாதிருக்க, ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவராயிருக்க, உண்ணத் தகுந்த பொருள் ஒன்று உண்பவர் வாயை அடையாமலே அழிந்து போகுமானால், அந்த அழிவின் வினை யாரைச் சாரும் என்னும் கேள்வி, கடலுக்கு ஏறத்தாழ 200 மைல் விலகி, 3,000 அடி உயரத்தில் அமைந்த பெங்களூரில் வாழ்பவனுக்கு எழ வேண்டிய கேள்வியன்று என்று சிலர் எண்ணலாம். ஒக்கலிபுரத்தில் குடியிருக்கும் எனக்கோ அது அடிக்கடி எதிர்ப்படும் கேள்வியாகிவிட்டது. ரயில் பாதைகளுக்கு அருகே, ஸ்ரீராமபுரத்தை ஒட்டிக் கிடக்கும் இப்பகுதியில், பஞ்சாலைகளை நம்பி முன் தலைமுறைகளில் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. ஆலைகள் ஓய்ந்த பின்னர் அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் எத்தனையோ தொழில்களில் புகுந்தார்கள். அவற்றுள் ஒன்று, பழங்களைப் பெட்டியிலிட்டு அயல்நாடுகளுக்கு அனுப்பும் தொழில். அத்தொழிலில் உள்ள அயலார் ஒருவர் தம் நஷ்டங்களைச் சொல்லக் கேட்டுக் கேட்டே, வியாபார விஷயமாகத் தொடங்கிய பேச்சு, கர்மத்தைப் பற்றிய விசாரமாக என்னுள் மாறிற்று.

பழம் பறிக்கப்பட்ட பின்னும் உயிரோடிருக்கிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். இரும்புக்கும் பருத்திக்கும் இல்லாத ஒரு தன்மை அதற்குண்டு: காம்பிலிருந்து பிரிந்த பின்னரும் அது சுவாசிக்கிறது, வெப்பத்தை வெளியிடுகிறது, தன்னுள் சேமித்த இனிப்பைத் தானே செலவிட்டு முதுமையை நோக்கி நடக்கிறது. அந்த நடையை நிறுத்த எவராலும் இயலாது. குளிரால் தளர்த்தத்தான் இயலும். மாம்பழத்துக்கு 13 டிகிரி அளவான குளிர் வேண்டும், அதற்கு மிகக் கீழே இறங்கினால் தோல் கறுத்துச் சதை கெடும். திராட்சைக்கோ உறைநிலையை ஒட்டிய குளிர் வேண்டும். ஸ்ரீனிவாசபுரத்து மாந்தோப்பிலிருந்தும், சிக்கபள்ளாப்பூர்த் திராட்சைப் பந்தலிலிருந்தும் புறப்படுகிற சரக்கு, பேக் ஹவுஸில் தரம் பிரிக்கப்பட்டு, முன்கூட்டியே குளிரூட்டப்பட்டு, தொழிலில் உள்ளோர் ரீஃபர் என்று அழைக்கும் குளிர்ப்பெட்டகத்தில் ஏறுகிறது. அந்தப் பெட்டகம் குளிர்ந்த பழத்தைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்குமேயன்றி, சூடேறிவிட்ட பழத்தை விரைவில் குளிர்விக்கும் வல்லமை உடையதன்று. ஆதலின் ஓரிடத்தில் ஏற்பட்ட சிறு பிசகு, பிறகு வரும் எல்லா இடங்களுக்கும் கூடவே பிரயாணம் செய்கிறது.

பெங்களூரிலிருந்து சென்னைத் துறைமுகம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். மேற்கே மங்களூர்த் துறைமுகமும் அதே தூரம்தான்; ஆனால் இடையில் சிராடி மலைப்பாதை கிடக்கிறது; மழைக்காலத்தில் மண் சரிந்து அப்பாதை அடைபடுவது புதிதன்று. எனவே பெரும்பாலான சரக்கு கிழக்கே போகிறது. லாரியோடு பூட்டிய ஜென்செட் வழியெல்லாம் மின்சாரம் தர வேண்டும். துறைமுக வாசலில் வரிசை நீண்டால் அதன் டீசல் தீரக்கூடும். உள்ளே போனபின் பெட்டகத்தைச் செருகும் பிளக் காலியாக இருக்க வேண்டும். ஷிப்பிங் பில், பூச்சி நோய் இல்லையென்னும் பைட்டோ சர்டிபிகேட், சீல் எண் ஆகிய எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கப்பல் கம்பெனி விதித்த கட்-ஆஃப் நேரத்துக்கு முன்னால் பெட்டகம் வாசலைக் கடந்திருக்க வேண்டும். கடந்தாலும், அந்தக் கப்பல் பல வேளைகளில் கொழும்பு வரையே போகும். அங்கே தாய்க்கப்பலுக்காக மறுபடியும் காத்திருக்க வேண்டும். இத்தனை வாசல்களிலும் மனிதர்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் சில மணி நேரம் இருக்கிறது. அந்த மணி நேரங்களைக் கூட்டி வந்த தொகையோ பழத்தின் ஆயுளிலிருந்து கழிகிறது.

என் அயலார் ஒருமுறை அனுப்பிய மாதுளை, துறைமுகம் ஒன்றின் வாசலில் ஓரிரவு நின்று, கப்பலைத் தவறவிட்டு, அடுத்த கப்பலில் போய்ச் சேர்ந்தபோது விற்பனைக்கு உதவாததாயிற்று. நான் அவரைக் கேட்டேன், தவறு யாருடையது என்று. அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "யாரைச் சார் சொல்றது? லாரிக்காரன் நேரத்துக்குத்தான் கிளம்பினான். கேட்டுல கம்ப்யூட்டர் நின்னு போச்சு, அவன் என்ன பண்ணுவான்? கப்பல்காரன் யாருக்காகவும் நிக்க மாட்டான். எல்லாரும் அவங்கவங்க வேலையைத்தான் செஞ்சாங்க" என்றார். கோபமில்லாமல் அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியமே எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தோன்றியது.

இதனினும் விசித்திரமான சம்பவம் ஒன்று 2025 மே மாதத்தில் உலகறிய நிகழ்ந்தது. இந்திய மாம்பழம் அமெரிக்காவுக்குள் நுழைவதற்குப் பல ஆண்டுகள் தடை இருந்து, 2007இல் அது நீங்கியபோது, பூச்சிகளை மலடாக்கும் அளவு கதிர்வீச்சு கொடுத்த பின்னரே அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. அமெரிக்க அதிகாரி ஒருவரின் மேற்பார்வையில் அது நடக்க வேண்டும். நவி மும்பையில் அவ்வாறு கதிர்வீச்சு பெற்று விமானத்தில் சென்ற 15 தொகுதிச் சரக்குகள், லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ, அட்லாண்டா ஆகிய விமான நிலையங்களில் நிறுத்தப்பட்டன. காரணம், கதிர்வீச்சுக்கான சான்றுத்தாள் முறைப்படி அமையவில்லை என்பது. அழித்துவிடலாம், அல்லது திருப்பி எடுத்துச் செல்லலாம் என்றார்கள் அங்குள்ள அதிகாரிகள். திருப்பிக் கொண்டுவரும் செலவும், அதற்குள் பழம் தாங்காது என்பதும் தெரிந்த ஏற்றுமதியாளர்கள் அழிப்பதையே ஏற்றுக்கொண்டார்கள்; நஷ்டம் ஐந்து லட்சம் டாலர் என்று கணக்கிடப்பட்டது. பழத்தில் பூச்சி கண்டதாக எவரும் சொல்லவில்லை. சான்று கேட்டவர் தம் நாட்டுத் தோப்புகளைக் காக்கும் கடமையைச் செய்தார். அதிலும் பிழை காண இயலாது. ஆயினும் வெயிலிலும் மழையிலும் மரம் ஆண்டு முழுதும் உழைத்து ஈந்த கனி அழிந்தது.

மகாபாரதத்து அனுசாசன பர்வத்தின் தொடக்கத்தில், அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் யுதிஷ்டிரனுக்கு ஒரு கதை சொல்கிறார். கௌதமி என்னும் முதியவளின் மகனைப் பாம்பு தீண்டிக் கொன்றுவிட, அர்ச்சுனகன் என்னும் வேடன் அதைப் பிடித்துக்கொண்டு வந்து கொல்லவா என்கிறான். பாம்பு, நான் மிருத்யுவின் ஏவலன் என்கிறது. மிருத்யு வந்து, நான் காலனின் ஏவலன் என்கிறான். காலன் வந்து, பிள்ளையின் முன்வினையே அவனைக் கொன்றது, எங்களில் எவருக்கும் இதில் பங்கில்லை என்கிறான். கௌதமி அதை ஏற்றுப் பாம்பை விடுவிக்கிறாள். என் அயலார் லாரிக்காரனிடமிருந்து கேட்டுக்கும், கேட்டிலிருந்து கப்பலுக்கும் போன வரிசை, இதே வரிசைதான். ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பீஷ்மர் கதையில் பொறுப்பு கை மாறிக்கொண்டே போய், இறுதியில் இறந்தவனின் வினையிலே இளைப்பாறுகிறது. அழுகிய மாதுளைக்கு முன்வினை ஏது? முற்பிறப்பில் அது யாரை வஞ்சித்தது? எனவே துறைமுகத்தில் அந்தச் சங்கிலிக்கு முடிவு கிடைக்கவில்லை. வியாபாரிக்கு விதி என்று சொல்லி முடித்துவிடலாம் என்பாரும் உண்டு; ஆனால் விதி என்பது நிகழ்ந்ததைத் தாங்கிக்கொள்ளும் மனத்துக்குத் துணையாகலாமேயன்றி, நிகழ்ந்ததற்குரிய காரணத்தைத் தேடும் அறிவுக்கு விடையாகாது என்பது என் துணிபு.

வினை எதில் இருக்கிறது என்பது பற்றி நம் நாட்டில் பழைய வழக்கொன்று உண்டு. மஜ்ஜிம நிகாயத்து உபாலி சுத்தத்தில், சமணராகிய நிகண்ட மதத்தவர் உடலால் செய்யும் செயலே பெரும்பாவம் என்று கொள்ள, புத்தர் மனத்தால் செய்வதே தலையாயது என்று வாதிக்கிறார். சேதனையே, அதாவது எண்ணமே, கர்மம் என்பது பௌத்தத்தின் முடிந்த கொள்கை. இதன்படி பார்த்தால் துறைமுகத்தில் எவருக்கும் பாவமில்லை. ஏனெனில் எவரும் பழத்தை அழிக்க எண்ணவில்லை. பகவத்கீதையோ, அகர்மத்திலும் கர்மத்தைக் காண்பவனே புத்திமான் என்று ஒரு நுட்பத்தைச் சொல்கிறது. அதற்கு உரை கண்ட சங்கரர், ஒன்றும் செய்யாமல் சுகமாக இருக்கிறேன் என்று அமர்ந்திருப்பவனிடத்தும் 'நான்' என்னும் எண்ணம் நிற்பதால் அந்தச் சும்மா இருத்தலும் செயலே என்கிறார். மோட்ச மார்க்கத்துக்காக அவர் சொன்னதை நான் வாசல் வரிசைக்குக் கொண்டுவருவது பொருந்துமா என்று தயங்கியதுண்டு. எனினும், காத்திருக்கச் செய்தல் ஒரு செயல், அதற்கு ஒரு கர்த்தா உண்டு என்னும் அளவில் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். கெட்டழிபவர் விரும்பும் நான்கனுள் காலம் நீட்டித்தலை முதலாவதாக வைத்தார் திருவள்ளுவர். அந்நான்கையும் அவர்கள் ஆசையோடு ஏறும் மரக்கலமாக உரைத்தார் பரிமேலழகர்.

ஆனால் இந்தக் கேள்விக்கு நான் கண்ட ஆழமான விடை சாஸ்திரங்களில் இல்லை. தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையில், ஆபுத்திரன் வரலாற்றில் இருக்கிறது. வினோதம் என்னவென்றால், அதுவும் கப்பல் தவறிய கதையே.

மதுரையில் சிந்தாதேவி அளித்த அமுதசுரபியைக் கொண்டு ஏழைகளுக்குச் சோறிட்டு வந்த ஆபுத்திரன், பாண்டிய நாட்டில் மழை பெருகி வளம் கொழித்ததால் உண்பவரே இல்லாமற் போக, தன் பாத்திரத்தோடு வெறுமனே திரிகிறான். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கடலோடிகள் சொல்லக் கேட்டு, மகிழ்ந்து கலமேறுகிறான். வழியில் பாய் இறக்கி மணிபல்லவத் தீவில் ஒரு நாள் தங்குகிறது கப்பல். அவன் கரையில் இறங்குகிறான். இறங்கியவன் ஏறிவிட்டான் என்று நினைத்து, இருளில் பாய் விரித்துக் கப்பலைச் செலுத்திவிடுகிறார்கள். பகைமையில்லை, வஞ்சனையில்லை, அலட்சியம் என்று சொல்லவும் இடமில்லை. ஓர் எண்ணப்பிசகு, அவ்வளவே. அதன் விளைவாக, எத்தனை பேருக்கு எடுத்து இட்டாலும் குறையாத உணவு ஆளில்லாத தீவிலும், உணவில்லாத மக்கள் சாவகத்திலும் நிற்கிறார்கள். பல்லாயிரவருக்கு ஊட்ட வல்ல பாத்திரத்தை வைத்துக்கொண்டு தன் ஒருவன் வயிற்றை வளர்ப்பதை அவன் மனம் ஏற்கவில்லை. ஆண்டுக்கொருமுறை வெளிப்பட்டு அறவோர் கையில் சேர்க என்று சொல்லி அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாது உயிர் துறக்கிறான்.

இந்த அளவோடு நம்மில் பலர் கதையை நிறுத்திவிடுகிறோம். காப்பியம் நிறுத்தவில்லை. ஆபுத்திரன் சாவகத்தில் புண்ணியராசன் என்னும் அரசனாகப் பிறந்து, மணிமேகலையோடு அத்தீவுக்கு மீண்டும் வரும்போது, அங்குள்ள தீவதிலகை என்னும் தெய்வம் அவனுக்கு எலும்புகளைக் காட்டுகிறது. அவனை விட்டுப் போன ஒன்பது செட்டிகளின் எலும்புகள் அவை. அவன் கலத்தில் இல்லை என்பதை உணர்ந்து அவர்கள் திரும்பி வந்தார்கள். அவன் இறந்தது கண்டு தாமும் உண்ணாது இறந்தார்கள். அவர்களை நம்பி உடன் வந்து உண்டவர்களும் இறந்தார்கள். அத்தோடும் அத்தெய்வம் விடவில்லை. நீ உன் உயிரையும் கொன்றாய், உனக்கு இரங்கி வந்த பிறர் உயிரையும் கொன்றாய், நீ கொலைவன் அல்லையா என்று அரசனையே கேட்கிறது. பிறருக்கு ஊட்ட முடியவில்லையே என்று வருந்தி மாண்ட கருணையாளனைக் கொலைவன் என்று அழைக்கும் துணிவு வேறெந்த நூலுக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. அதுவும், எண்ணமே கர்மம் என்று போதித்த சமயத்தின் காப்பியத்தில்!

நான் இதை இவ்வாறு உணர்கிறேன். பாவம் வேறு, கடன் வேறு. எண்ணமின்றிப் பாவமில்லை என்ற கொள்கையைக் காப்பியம் கைவிடவில்லை. அந்த ஒன்பதின்மர் நரகத்துக்குப் போனதாக அது பேசவில்லை. ஆனால் என் கையில் இருந்த பொருள், என் கையிலிருந்து போன பின் என்ன ஆயிற்று என்று கேட்கும் கடன், எண்ணமிருந்தாலும் இல்லாவிட்டாலும் என்னைச் சார்ந்ததே. செட்டிகள் தம் கப்பலைச் சாவகத்தில் சேர்த்து, சரக்கை விற்று, எங்கள் வேலையை நாங்கள் செய்தோம் என்று இருந்திருக்கலாம். எந்த நீதிமன்றமும் அவர்களைத் தண்டித்திராது. அவர்கள் திரும்பினார்கள். திரும்பி வந்தவர்கள் பட்டினி கிடந்து சாக வேண்டியிருந்ததா என்பது வேறு விஷயம். அதில் எனக்கு உடன்பாடில்லை, உயிரை விடுவதைவிடப் பாத்திரத்தைப் பொய்கையிலிருந்து மீட்டுச் சாவகத்துக்குக் கொண்டுபோயிருந்தால் நன்றாயிருக்கும் என்றே தோன்றுகிறது. ஆனால் திரும்பியது சரி.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானதும்கூட. அமுதசுரபியின் சோறு பசித்தவர் சோறு. அயல்நாட்டுச் செல்வர் விருந்துக்குப் பின் சுவைக்கும் மாம்பழமும் அதுவும் ஒன்றாகுமா? விலை உயர்ந்த வியாபாரச் சரக்கு அழிந்ததற்கு அன்னத்தின் தர்மத்தை இழுத்து வரலாமா? இதை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். தைத்திரீய உபநிஷத்து அன்னத்தை நிந்திக்காதிருத்தலையும் புறக்கணியாதிருத்தலையும் விரதமாக விதிக்கும்போது, உண்பவன் ஏழையா செல்வனா என்று பிரிக்கவில்லை. மேலும், கப்பல் தவறிய பெட்டகத்தின் பாரம் செல்வர் தட்டில் விழுவதில்லை. அவர்களுக்கு வேறு நாட்டுப் பழம் கிடைத்துவிடுகிறது. அந்தப் பாரம் கீழ்நோக்கி இறங்கி, அடுத்த பருவத்தில் ஏற்றுமதியாளர் தரும் விலை குறைவதாக உருமாறி, கோலார் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறு வற்றிய தோப்புக்காரன் தலையில் இறங்குகிறது. அவன் வீட்டு அரிசி அந்த மாம்பழத்துக்குள் இருந்தது. ஆதலின் அது சோறுதான்.

திரும்பிப் பார்த்தல் என்பது வெறும் மனவுணர்ச்சியாக நின்றுவிடாமல் செயலானதற்கு அண்மைக் காலத்திலேயே சான்று உண்டு. 2014 மே முதல் நாளன்று ஐரோப்பிய ஒன்றியம், பழ ஈ முதலிய பூச்சிகளைக் கண்டதால், இந்திய மாம்பழத்தையும், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் தடை செய்தது. 2015 இறுதிவரை என்று விதிக்கப்பட்ட தடை, மாம்பழத்தைப் பொறுத்தவரை அவ்வாண்டின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டது. ஏனெனில் இடைப்பட்ட மாதங்களில் பேக் ஹவுஸ் சோதனையும், சான்றளிக்கும் முறையும் நம் நாட்டில் திருத்தப்பட்டன. குற்றம் தோட்டத்திலா, சோதனைச்சாலையிலா, விமான நிலையத்திலா என்று ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டு காலம் கழிக்காமல், சரக்கு எந்தக் கையில் என்ன ஆயிற்று என்று தொடக்கத்திலிருந்து பார்த்ததால் விளைந்த பயன் அது.

கரிகாலனின் புகாரைப் பாடும் பட்டினப்பாலையில், துறைமுக முற்றத்தில் வந்து குவியும் பண்டங்களுக்குப் புலி முத்திரை இடும் சுங்கம் கொள்வோர் வருகிறார்கள். கதிரவன் தேரில் பூட்டிய குதிரைகள்போல் நாள்தோறும் சோர்வறியாது உழைப்பவர் என்று அவர்களைக் கவிஞர் புகழ்கிறார். சுங்க உத்தியோகஸ்தரைப் புகழ்ந்த கவி உலகத்தில் அரிது. அவர்களுடைய நேர்மையோடு அவர்களுடைய சோர்வின்மையையும் ஒரு நகரத்தின் பெருமைகளுள் ஒன்றாக வைத்த அந்த நோக்கு எனக்கு மிகப் பிடிக்கிறது. முத்திரை இடுபவன் கை அசைவில் தாமதம் இருந்தால் அதுவும் பண்டத்தில் பதியும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

ஒன்று மட்டும் அவர்களால் எதிர்பார்த்திருக்க இயலாது: கண்டங்களுக்கு அப்பால் நடக்கும் சண்டை. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் சூயஸைத் தவிர்த்து ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றிப் போக, 2024 தொடக்கத்தில் நாசிக் திராட்சைக்குப் பிரயாணம் ஏறக்குறைய இரு வாரம் நீண்டது. இத்தகையதற்கு வாசற்காரனையோ லாரிக்காரனையோ நோவதில் பொருளில்லை. ஆனால் இவ்வகைப் பேரிடரை எல்லாவற்றுக்கும் போர்வையாக்கி, நம் கையிலிருந்த மணி நேரங்களையும் அதற்குள் மறைத்துக்கொள்வது, காலன் பிள்ளையின் வினையைக் காட்டித் தன்னை விடுவித்துக்கொண்டது போலாகும்.

இன்றைய குளிர்ப்பெட்டகம் ஒவ்வொன்றிலும், வெப்பநிலையை மணிக்கு மணி பதிந்துகொள்ளும் கருவி இருக்கிறது. எந்த நேரத்தில் மின்சாரம் அற்றது, எப்பொழுது 13 டிகிரி 20 ஆயிற்று என்னும் வரலாறு முழுவதும் அதில் கிடக்கிறது. என் அயலாருடைய மாதுளைக்கும் அப்படிப்பட்ட பதிவு இருந்தது. அதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினார்கள். கோரிக்கை தீர்ந்ததும் கோப்பு மூடப்பட்டது. லாரி உரிமையாளரையும், வாசல் மேலாளரையும், கப்பல் கம்பெனியின் ஏஜெண்டையும், சான்றளிக்கும் அதிகாரியையும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, அந்தத் தாளை மணிவாரியாக ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பதற்கு, இதுவரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஒன்பது செட்டிகளையும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த மாம்பழப் பருவத்துக்கு முன்னால் அத்தகைய ஒரு கூட்டத்தைத் தாமே கூட்டப் போவதாக என் அயலார் சொல்லியிருக்கிறார். அழைக்க வேண்டியவர்களின் பட்டியலைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதித் தருவதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.